1913-க்குச் சொன்ன புகார் எங்கே போகிறது?

2025 ஆகஸ்ட் 23, விடிகாலை. முந்தைய இரவு பெய்த மழையில் சென்னை கண்ணகி நகரில் தண்ணீர் தேங்கியிருந்தது. வேலைக்கு வந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் அந்தத் தண்ணீரில் கால் வைத்தார். நிலத்தடி மின்கம்பியிலிருந்து கசிந்த மின்சாரம் தாக்கி இறந்துபோனார். அதற்கு எட்டு வருடம் முன்பு, 2017 நவம்பர் 1 அன்று, வடசென்னையின் கொடுங்கையூரில் இதே மாதிரி மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் அக்கம்பக்கத்தார் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "முன்னாடியே சொல்லியிருந்தோம்."

சொன்னது யாரிடம்? அது எழுத்தில் ஏறியதா? ஏறியிருந்தால் யாருடைய மேசைக்குப் போனது? நகரத்தில் ஒரு புகார் உயிரைக் காப்பாற்றுவதும் காப்பாற்றாமல் போவதும் பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. மாநகராட்சியின் புகார் எண் 1913 ஆக இருக்கும் சென்னையை வைத்து இதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒரே தெரு, பல சொந்தக்காரர்கள்

சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. 2011-இல் அதன் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அந்த விரிவாக்கத்தில் 15 மண்டலங்கள், 200 வார்டுகள் அமைந்தன. சொத்துவரி அங்கேதான் கட்டுகிறோம், குப்பை வண்டியும் அங்கிருந்துதான் வருகிறது. அதனால் தெருவில் கண்ணில் படுகிற எல்லாமே மாநகராட்சியின் பொறுப்பு என்று நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் ஒரு சாதாரணத் தெருவில் குறைந்தது நான்கைந்து அமைப்புகளின் உடைமைகள் அடுத்தடுத்து நிற்கின்றன, புதைந்தும் கிடக்கின்றன.

1. மின்சாரம். டிரான்ஸ்பார்மர், தெருமுனையில் நிற்கும் பில்லர் பாக்ஸ், அதிலிருந்து வீட்டுக்கு வரும் கேபிள் எல்லாம் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் மாறியிருக்கிறது, மக்கள் வாயில் இன்னும் ஈ.பி.தான். அவர்களுடைய புகார் மையம் 'மின்னகம்', எண் 94987 94987. ஆனால் தெருவிளக்கு, அதன் கம்பம், அந்தக் கம்பத்துக்குப் போகும் கேபிள், அதற்கான பெட்டி ஆகியவை மாநகராட்சியுடையவை. ஒரே நடைபாதைக்கு அடியில் இரண்டு கேபிள்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். கம்பத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் எந்தக் கேபிளில் கசிவு என்று தெருவில் நிற்பவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் உயிருக்கு ஆபத்தான மின்கசிவை இரண்டு இடத்திலும் சொல்லிவிட வேண்டும். முதலில் மின்னகம், ஏனென்றால் மின்சாரத்தை நிறுத்தும் கை அவர்களுடையது. அப்புறம் 1913.

2. தண்ணீர். குடிநீர்க் குழாயும் பாதாள சாக்கடையும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்திடம் இருக்கின்றன. எண் 1916, அல்லது 044-4567 4567. சாலை ஓரமாக ஓடும் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அந்த வடிகால் போய்ச் சேரும் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் மூன்றும் நீர்வளத்துறையுடையவை. தெருவில் தேங்கிய மழைநீர் கடலுக்குப் போக வேண்டுமானால் இரண்டு துறைகளின் கால்வாய்கள் திறந்திருக்க வேண்டும். மாநகராட்சி தன் வடிகாலை எவ்வளவு தூர்வாரினாலும், ஆற்றில் நீர்மட்டம் ஏறி நின்றால் தெருத் தண்ணீர் இறங்காது.

மூடி இல்லாத குழி என்றால் அது யாருடையது என்று அடையாளம் காண ஒரு வழி: வட்டமான இரும்பு மூடி, சாலையின் நடுப்பகுதியில் இருந்தால் பெரும்பாலும் அது குடிநீர் வாரியத்தின் மேன்ஹோல் ('இயந்திர நுழைவாயில்' என்று அவர்கள் எழுதுவார்கள்). ஓரமாக, நீள்சதுரப் பலகையோ சல்லடைக் கம்பியோ போட்டிருந்தால் பெரும்பாலும் மழைநீர் வடிகால். மழைநீர் வடிகாலிலிருந்து சாக்கடை நாற்றம் வருகிறதென்றால் யாரோ தம் கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக அதில் இணைத்திருக்க வாய்ப்பு அதிகம். அது இரண்டு அமைப்புகளும் சேர்ந்து தீர்க்க வேண்டிய விஷயம்.

3. சாலை. சுமார் 387 கிலோமீட்டர் பேருந்துத் தடச் சாலைகளும் 5,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உட்புறச் சாலைகளும் மாநகராட்சியின் பராமரிப்பில் இருக்கின்றன. அண்ணா சாலை, உள்வட்டச் சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி நடக்கும் இடங்களில் வேலி அடைத்த பகுதியையும் அதையொட்டிய சாலையையும் சரியாக வைத்திருப்பது மெட்ரோ ரயில் நிறுவனத்தின் பொறுப்பு.

4. காவல். போக்குவரத்து சிக்னல் போக்குவரத்துக் காவல்துறையின் கையில். இதில் இன்னொரு சிக்கல்: 2022 தொடக்கத்தில் தாம்பரம், ஆவடி என இரண்டு புதிய காவல் ஆணையரகங்கள் வந்த பிறகு, மாநகராட்சியின் எல்லையும் காவல்துறையின் எல்லையும் ஒன்றாக இல்லை. அம்பத்தூரில் தெருவிளக்கு சென்னை மாநகராட்சியுடையது, காவல் நிலையம் ஆவடி ஆணையரகத்துடையது. கண்ணகி நகருக்குக் காவல் தாம்பரம் ஆணையரகம். இருட்டான தெருவில் பெண்களுக்குத் தொந்தரவு என்ற ஒரே குறையில் விளக்குக்கு ஒரு அலுவலகம், ரோந்துக்கு வேறொரு அலுவலகம் என்று அலைய வேண்டியிருக்கிறது.

ஏன் இப்படிப் பிரிந்து கிடக்கிறது? 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகள் செய்யக்கூடிய 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. குடிநீர், சாலை, தீயணைப்பு, தெருவிளக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் 243-டபிள்யூ பிரிவு, இந்த அதிகாரங்களை மாநில அரசு உள்ளாட்சிக்கு 'வழங்கலாம்' என்று சொல்கிறதே தவிர, 'வழங்கியே ஆக வேண்டும்' என்று கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஒரு சொல்லின் இடைவெளியில்தான் தனித்தனி வாரியங்கள் அப்படியே தொடர்கின்றன. மேயருக்குக் குடிநீர் வாரியப் பொறியாளரையோ மின்வாரியப் பொறியாளரையோ வேலை வாங்கும் அதிகாரம் கிடையாது. இந்தப் பிரிவினையின் பாரத்தைக் கடைசியில் சுமப்பவர் தெருவில் வாழ்பவர்தான். இது நியாயமில்லை. ஒரே எண்ணில் சொன்னால் அதை உரிய துறைக்குப் பிரித்து அனுப்புவது அரசின் வேலையாக இருக்க வேண்டும். 1100 என்ற முதல்வர் உதவி மைய எண் அந்த நோக்கத்தில் வந்ததுதான், ஆனாலும் நேராக உடைமையாளரிடம் போகும் புகாரின் வேகம் அதற்கு வருவதில்லை.

ஆபத்து, பழுது, புதிய வேலை

சரி, யாருடைய பொருள் என்று தெரிந்துவிட்டது. அடுத்து, கேட்பது எந்த வகை? இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பல வருடப் புகார்கள் அசையாமல் நிற்கின்றன.

முதல் வகை ஆபத்து. திறந்த குழி, அறுந்த கம்பி, சாயும் மரம், இடியும் சுவர். இதற்குக் கடிதம் வேண்டாம், தொலைபேசிதான். தீயணைப்புக்கு 101, காவலுக்கு 100 அல்லது 112. துறை வந்து சேரும்வரை அந்த இடத்தில் யாரும் கால் வைக்காமல் தடுப்பு வைப்பதும் அக்கம்பக்கத்தாரை எச்சரிப்பதும் உயிரைக் காக்கும். 2022 அக்டோபரில், மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் இரவில் விழுந்து ஓர் இளம் ஊடகவியலாளர் இறந்தார். அந்தப் பள்ளத்தைச் சுற்றி முறையான தடுப்பு இருந்ததா என்பதுதான் அன்று நகரமே கேட்ட கேள்வி. தடுப்பு வைப்பது ஒப்பந்ததாரரின் கடமை, அதைப் பார்ப்பது பொறியாளரின் கடமை. தடுப்பு இல்லாத பள்ளத்தைக் கண்டால் 'வேலை முடியவில்லை' என்று புகார் செய்யாமல் 'தடுப்பு இல்லை, உயிர் ஆபத்து' என்றே பதிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் கிடைக்கும் முன்னுரிமை வேறு.

இரண்டாம் வகை பழுது. எரியாத விளக்கு, அள்ளாத குப்பை, சாலைக் குழி, அடைத்த வடிகால். 1913 என்ற எண்ணும் 'நம்ம சென்னை' செயலியும் இதற்காகவே இருக்கின்றன. வார்டில் இருக்கும் ஆட்களையும் பொருளையும் வைத்து உதவிப் பொறியாளரோ சுகாதாரப் பிரிவினரோ முடித்துவிடக்கூடியவை இவை.

மூன்றாம் வகை புதிய வேலை. வடிகாலே இல்லாத தெருவுக்கு வடிகால், விளக்கே இல்லாத சந்துக்கு விளக்கு, வேகத்தடை, பூங்கா. இதை 1913-இல் எத்தனை முறை சொன்னாலும் நடக்காது. புகார் வரும் உதவிப் பொறியாளரிடம் அதற்குப் பணம் இல்லை. மதிப்பீடு போட வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், ஒப்புதல் வேண்டும், தமிழ்நாடு ஒப்பந்தப் புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998-இன்படி டெண்டர் விட வேண்டும். "மூணு வருஷமா புகார் கொடுக்கிறோம், தண்ணி நிக்குது" என்று சொல்லும் பல தெருக்களில் உண்மையில் நடப்பது இதுதான். பழுது என்று சொல்லி மூடப்படும் ஒவ்வொரு புகாருக்கும் ஒரு மோட்டார் வந்து தண்ணீரை இறைத்துவிட்டுப் போகும், அடுத்த மழையில் மறுபடி நிற்கும். வடிகால் வேண்டும் என்ற கோரிக்கை பதிவாகவே இல்லை. அது போக வேண்டிய இடம் கவுன்சிலர், வார்டு குழு, மண்டல அலுவலகம்.

இதில் பருவத்துக்கும் பங்கு உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை தோண்டும் அனுமதியை மாநகராட்சி நிறுத்திவைப்பது வழக்கம். அக்டோபரில் தண்ணீர் நின்ற பிறகு வடிகால் கேட்டால், எவ்வளவு சீக்கிரமென்றாலும் வேலை அடுத்த கோடையில்தான். நிதி ஒதுக்கீட்டைப் பேசும் மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. மழையில் எடுத்த புகைப்படங்களை வைத்துக்கொண்டு பொங்கலுக்குப் பிறகு மனு கொடுப்பவர்களுக்குப் பலன் அதிகம்.

'தீர்க்கப்பட்டது' என்றால் என்ன?

புகார் பதிவானதும் ஒரு எண் வருகிறது. அது வார்டு அளவிலான அலுவலருக்குப் போகிறது. அவர் முடித்ததாகக் குறித்ததும் 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி. இங்கேதான் மக்களுக்குக் கோபம் வருகிறது: குழி அப்படியே இருக்கிறது, புகார் முடிந்துவிட்டது.

வேலையைச் செய்ய வேண்டியவரே அது முடிந்தது என்று சான்று சொல்லும் அமைப்பில், எத்தனை புகார் எத்தனை நாளில் மூடப்பட்டது என்பதை வைத்து மேலதிகாரிகள் மதிப்பிட்டால், மூடுவதில் அவசரம் வந்தே தீரும். 'எங்கள் துறை இல்லை' என்ற காரணத்தில் மூடப்பட்ட புகாரும் கணக்கில் முடிந்த புகார்தான். புகார் கொடுத்தவர் ஒப்புக்கொண்ட பிறகே மூட முடியும் என்ற விதி வந்தால் இதில் பாதி சரியாகிவிடும்.

அதுவரை, புகாரை மூடுவதற்குச் சாக்கு கிடைக்காத மாதிரி எழுதுவது நம் கையில் இருக்கிறது.

1. ஒரு புகாரில் ஒரு குறை. விளக்கு, குப்பை, நாய் மூன்றையும் ஒன்றாக எழுதினால் ஒன்று முடிந்ததும் எல்லாமே மூடப்படும்.
2. இடத்தைக் கதவு எண்ணோடு சொல்ல வேண்டும். விளக்கு என்றால் கம்பத்தில் பெயின்ட்டால் எழுதிய எண். "கோவில் பக்கத்தில்" என்பது வார்டுக்கு வெளியே இருந்து வரும் ஊழியருக்கு உதவாது.
3. தேதி தெரியும் புகைப்படம், மூடியதற்கு முன்னும் பின்னும். சரியாகாத புகாரை மறுபடி பதியும்போது பழைய எண்ணைச் சேர்க்க வேண்டும். ஐந்து தனிப் புகார்களைவிட ஒரே பிரச்சினையின் ஐந்து தொடர் எண்கள் வலுவானவை.
4. நேரில் மனு கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வரக்கூடாது.

குப்பை விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நகரின் பெரும்பாலான மண்டலங்களில் குப்பை அள்ளுவது தனியார் ஒப்பந்தத்தில் நடக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பல நாள் உட்கார்ந்து போராடியது தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்துத்தான். தெருமுனைத் தொட்டி நிரம்பி வழிகிறது என்ற புகார் பல நேரம் கடைசியில் அந்தத் தெருவில் துடைப்பத்தோடு நிற்கும் அம்மாவின் தலையில் போய் விழுகிறது. வண்டி எத்தனை, ஆள் எத்தனை, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர் இல்லை. "இந்தத் தெருவுக்கு வண்டி எத்தனை நாளாக வரவில்லை" என்று எழுதினால் கேள்வி ஒப்பந்தத்தைப் பார்த்துப் போகும்.

பிடித்துப் போன நாய் ஏன் திரும்ப வருகிறது?

தெருநாய்ப் புகார்களில் வரும் குழப்பம் வேறு மாதிரி. வண்டி வருகிறது, நாயைப் பிடித்துப் போகிறது, சில நாளில் அதே நாய் அதே தெருவில் நிற்கிறது. மாநகராட்சி ஏமாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சட்டப்படி நடப்பது. மத்திய அரசின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023-இன்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடை அறுவை சிகிச்சையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வேறு ஊரில் கொண்டுபோய் விடக்கூடாது. கடித்த நாய்க்கு வெறிநோய் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தனிமைப்படுத்திக் கண்காணிப்பது வேறு விஷயம். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அங்கே திரும்ப விடக்கூடாது என்று உத்தரவிட்டது.

ஆகவே 'நாயைப் பிடியுங்கள்' என்ற புகாரைவிட, 'இன்ன நாய் இன்ன தேதியில் கடித்தது' அல்லது 'இந்தத் தெருவில் கருத்தடை செய்யாத நாய்கள் இத்தனை' என்ற புகாருக்கு அலுவலர் செய்யக்கூடியது அதிகம். கடி விழுந்தால் புகாருக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று: சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இலவசம்.

கவுன்சிலரும் பகுதி சபையும்

2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் சென்னையில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை, நகரத்தை அதிகாரிகளே நடத்தினார்கள். மக்கள் 1913-ஐயும் நீதிமன்றத்தையும் மட்டுமே நம்பிப் பழகியது இந்தக் காலத்தில்தான். ஆணையர் நிர்வாகத் தலைவர், ஆட்களை வேலை வாங்குபவர். மாமன்றம் எதற்கு எவ்வளவு பணம் என்று தீர்மானிக்கும் இடம். மேலே சொன்ன மூன்றாம் வகைக் கோரிக்கைகளுக்கு மாமன்றத்தின் வாசலைத்தான் தட்ட வேண்டும்.

அந்த வாசலைத் தெருவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தவை வார்டு குழுவும் பகுதி சபையும். 2022-இல் இவற்றுக்கான விதிகள் வந்தன, அந்த வருடம் நவம்பர் 1 அன்று, உள்ளாட்சிகள் தினத்தில், பகுதி சபைக் கூட்டங்கள் தமிழகம் முழுக்க முதல்முறையாக நடந்தன. கிராம சபைக்கு நகரத்தில் இணையானது இது. ஒவ்வொரு வார்டையும் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதி. அவர்கள் சேர்ந்தது வார்டு குழு, தலைவர் கவுன்சிலர். அந்தப் பகுதி வாக்காளர் எவரும் பகுதி சபையில் பேசலாம். பிரதிநிதிகள் தேர்தலில் வருவதில்லை, நியமனம்தான். அது ஒரு பெரிய குறை. கூட்டம் எப்போது என்று பலருக்குத் தெரிவதே இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை. ஆனாலும் கூட்டத்தில் எழுப்பிய கோரிக்கை பதிவேட்டில் ஏறினால், அது ஒரு தனிமனிதரின் முறையீடாக இல்லாமல் ஒரு பகுதியின் தீர்மானமாகிறது.

எழுத்தில் இருந்தால் என்ன ஆகும்?

இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

1980-இல் வந்த ரத்லம் நகராட்சி வழக்கு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் ஒரு பகுதி மக்கள், திறந்த சாக்கடையும் நாற்றமும் தாங்காமல் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். பொதுத் தொல்லையை நீக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவில் உத்தரவு கிடைத்தது. கையில் பணம் இல்லை என்றது நகராட்சி. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. மக்களின் ஆரோக்கியத்தைக் காக்கும் சட்டக் கடமையிலிருந்து நிதிப் பற்றாக்குறையைக் காட்டி நழுவ முடியாது என்று முடிவானது. அந்த 133-ஆவது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆவது பிரிவாகத் தொடர்கிறது.

இன்னொன்று 2002-இல் வந்தது. மழை இரவில் சைக்கிளில் வந்தவர் சாலையில் கிடந்த மின்கம்பியில் சிக்கி இறந்தார். யாரோ மின்சாரம் திருட இழுத்த கம்பி அது, எங்கள் தவறில்லை என்றது மத்தியப் பிரதேச மின்வாரியம். இவ்வளவு ஆபத்தான பொருளைக் கையாள்பவர், கவனக்குறைவு இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அப்பாற்பட்டு, அதனால் வரும் இழப்புக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கண்ணகி நகரோ கொடுங்கையூரோ, மின்கம்பியால் இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்கும்போது நிற்கும் தரை இந்தத் தீர்ப்புதான்.

மின்சாரம் தவிர்த்த மற்றவற்றில், திறந்த குழியிலோ இடிந்த சுவரிலோ, அலுவலகத்துக்கு ஆபத்து முன்பே தெரியுமா என்பது முக்கியமான கேள்வியாகிறது. தேதியிட்ட ஒரு புகார் எண் அதற்கு நேரடிப் பதில். வாய்மொழியாக லைன்மேனிடம் பத்து தடவை சொன்னது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

புகாருக்கு என்ன நடவடிக்கை என்று தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்தில். பதில் வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள், அதுவும் பயனில்லை என்றால் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 90 நாளுக்குள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் அந்தக் கேள்வியைத் தகவல் இல்லை என்று தள்ளிவிடலாம். ஆவணத்தைக் கேட்க வேண்டும்: இன்ன எண்ணுள்ள புகார் எந்தத் தேதியில் எந்தப் பதவியில் உள்ளவருக்கு அனுப்பப்பட்டது, அதை மூடும்போது பதிவான குறிப்பின் நகல், அந்த இடத்தில் அதன்பின் நடந்த வேலைக்கான அளவீட்டுப் புத்தகப் பக்கத்தின் (முடிந்த வேலையை அளந்து எழுதிவைக்கும் பதிவேடு அது) நகல். வேலையே நடக்காத இடத்துக்கு அந்த மூன்றாவது நகலைக் கொடுக்க எந்த அலுவலகத்தாலும் முடியாது.